நினைப்பு கைக்கு வர வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சுவாமிதோப்புப் பதிக்குப் போகிறோம். முத்திரிக்கிணற்றில் குளிக்கிறோம். தலைப்பாகை கட்டி, திருநாமம் தரித்து, வடக்கு வாசலில் நின்று ஐயாவை நினைக்கிறோம். பள்ளியறைக்கு முன்னால் நிற்கும்போது மனம் இளகிவிடுகிறது. அப்போது நல்ல நினைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இனி வீட்டில் யாரிடமும் கடிந்து பேசக் கூடாது. முகம் பாராமல் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய் வர வேண்டும். தனியாகக் கிடக்கும் அந்தப் பாட்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும். தர்மம் செய்ய வேண்டும்.

இனிமம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். திங்கட்கிழமை விடிகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், கடன் தவணை கட்ட வேண்டும், வேலைக்கு ஓட வேண்டும். புதன்கிழமை ஆகும்போது ஞாயிற்றுக்கிழமை வந்த நினைப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் பதிக்குப் போகிறோம். அதே இடத்தில் நின்று அதே நினைப்பை நினைக்கிறோம்.

நாம் நினைத்தது பொய் இல்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தோம். பொய்யான எண்ணம் செய்கையாகவில்லை என்றால் அதில் வியப்பில்லை. உண்மையான எண்ணம் ஏன் செய்கையாகாமல் நின்றுபோகிறது? நல்லதை நினைத்ததற்காகவே ஐயா நம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்வாரா? ஐயா நடத்திக் காட்டிய வழியைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

விதைநெல்

நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு ஒன்று தெரியும். கன்னிப்பூ அறுவடையில் நல்ல நெல்லாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பார்கள். நன்றாகக் காயவைத்து, பூச்சி அண்டாமல் பக்குவமாகக் காப்பார்கள். ஆனால் எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் காலம் கடந்துபோனால் அந்த நெல்லின் முளைப்புச் சக்தி குறைந்துகொண்டே போகும். பார்வைக்கு நெல் அப்படியேதான் இருக்கும், கையில் எடுத்தால் கனமும் இருக்கும். விதைத்துப் பார்த்தால்தான் பாதி முளைக்கவில்லை என்பது தெரியும்.

நல்ல நினைப்பும் விதைநெல்லைப் போன்றது. அது உயர்ந்தது என்பதில் ஐயம் இல்லை. அது இல்லாமல் எந்தத் தர்மமும் முளைக்காது. ஆனால் அதற்கு ஒரு பருவம் உண்டு. பருவத்தில் விதைக்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தால், நாம் நல்லவர்கள் என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். நல்லது மிஞ்சாது.

ஏன் விதைக்காமல் வைக்கிறோம்? கூர்ந்து பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, நினைப்பே நமக்கு இனிப்பாக இருக்கிறது. ஓர் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்த உடனேயே, வாங்கிக் கொடுத்துவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்துவிடுகிறது. கையிலிருந்து காசு போகவில்லை, காலுக்கு நடை இல்லை. ஆனாலும் மனம் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டது. கூலி வாங்கிய பிறகு வேலைக்குப் போக யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது, நினைப்பு அளவில்லாமல் இருக்கிறது. ‘எல்லாருக்கும் நல்லது செய்ய வேண்டும்’ என்கிறோம். அந்த எல்லாரும் யார்? அவர்களுக்கு முகம் இல்லை, வீடு இல்லை, பசிக்கிற நேரம் இல்லை. முகமில்லாத ஒருவருக்கு யாராலும் சோறு போட முடியாது. பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்குத்தான் கஞ்சி கொண்டுபோக முடியும்.

மூன்றாவது, ‘பிறகு’ என்கிற சொல். கடன் தீரட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும், அதன் பிறகு முழுக்கத் தர்மத்தில் இறங்கிவிடலாம் என்கிறோம். ஒவ்வொரு ‘பிறகு’ முடியும்போதும் அடுத்த ‘பிறகு’ வாசலில் வந்து நிற்கிறது.

இந்த மூன்றும் கலியின் வேலை. கலி என்பது எங்கோ தொலைவில் கொம்பும் பல்லுமாக நிற்கிற ஓர் அரக்கன் என்று மட்டும் எண்ணிவிட்டால் நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்று அர்த்தம். ஒவ்வொரு மனிதனின் நெஞ்சுக்குள்ளும் ‘நான், எனது’ என்று உட்கார்ந்திருப்பதும் கலிதான். அது எப்போதும் கெட்டதைச் செய்யச் சொல்லி நம்மிடம் வருவதில்லை. பல வேளைகளில் ‘நல்லதுதான், ஆனால் நாளைக்குச் செய்’ என்று சொல்லிவிட்டுப் போகிறது.

துவையல் தவசில் நடந்தது

இதற்கு ஐயா என்ன மருந்து தந்தார்? அன்புக்கொடி மக்கள் எல்லாரும் அறிந்த துவையல் தவசை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

அன்றைய தென் திருவிதாங்கூரில் எளிய மக்கள் இருந்த நிலை நமக்குத் தெரியும். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோள்சீலை போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். வரிக்கு மேல் வரி கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ‘நீ தாழ்ந்தவன்’ என்கிற சொல்லைக் கேட்டுக் கேட்டு, அது உண்மைதான் போலும் என்று நம்பத் தொடங்கிவிட்ட மனசு.

அந்த மக்களை ஐயா வாகைப்பதிக்கு அனுப்பினார். எழுநூறு குடும்பங்கள், பெண்களும் பிள்ளைகளுமாகக் கடலோரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் நடந்துகொண்ட முறை என்ன? நாள்தோறும் மூன்று வேளை குளித்தார்கள். உடுத்தியதைத் துவைத்தார்கள். ஒரு வேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் சமைத்து உண்டார்கள். ஐயாவை நினைத்தார்கள். மறுநாளும் அதையே செய்தார்கள். பிறகு முட்டப்பதியிலும் அந்தத் தவசு தொடர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘முதலில் உங்கள் மனத்தைத் தூய்மையாக்குங்கள், அதற்குப் பிறகு உடம்பைப் பார்க்கலாம்’ என்று ஐயா வைக்கவில்லை. மூன்று வேளைக் குளியலை வைத்தார். துணி துவைப்பதை வைத்தார். மனத்தை அழுக்கு நீக்குகிற வேலையைக் கையிலும் காலிலும் தொடங்கி வைத்தார். கை துவைக்கத் துவைக்க, ‘நான் தாழ்ந்தவன்’ என்று மனத்தில் ஒட்டியிருந்த கறையும் சேர்ந்து கழன்றது. அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் போகும் ஊர்களில் எல்லாம் தூய்மையையும் தன்மானத்தையும் கொண்டுபோனார்கள். ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் எழுந்தன.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மனம் முழுக்கத் திருந்தட்டும், அதன் பிறகு நல்லது செய்யலாம் என்று காத்திருப்போம். துவையல் தவசு அதற்கு மாறான பாடம் சொல்கிறது. செய்யத் தொடங்கு, செய்கிறபோதே மனம் திருந்தும். கோபம் அடங்கிய பிறகு அன்பாகப் பேசலாம் என்று காத்திருப்பவர் பேசவே மாட்டார். அன்பான ஒரு சொல்லை வலிந்து பேசிப் பார்த்தவருக்குக் கோபம் தணிந்திருப்பது சற்று நேரத்தில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தவசுக்கு அளவு இருந்தது. மூன்று வேளை, ஒரு நேர உணவு, இந்த அரிசி, இந்தப் பயறு. ஐயா பூவண்டன்தோப்பில் இருந்த தவமும் அளவோடுதான் நடந்தது. ஆறு ஆண்டுகள், இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று கட்டம். வைகுண்டருக்கே தவத்தில் கணக்கு இருந்தபோது, நம்முடைய தர்மம் மட்டும் கணக்கில்லாமல் ‘முடிந்தபோது பார்க்கலாம்’ என்று இருக்கலாமா?

நினைப்புக்கு ஓர் இடம் கொடுத்தார்

எல்லா மக்களும் சமம் என்பது ஓர் எண்ணம். நூலில் எழுதி வைக்கலாம், மேடையில் பேசலாம், கேட்டுத் தலையாட்டலாம். ஐயா அந்த எண்ணத்துக்கு ஒரு கிணறு வெட்டினார். பதினெட்டுச் சாதியும் வந்து ஒரே கிணற்றில் நீர் மொண்டு குளித்தபோது, சமம் என்ற சொல் உடம்பில் படும் தண்ணீராக ஆயிற்று. ஒரே பந்தியில் எல்லாரையும் உட்கார வைத்தார். சமம் என்ற சொல் இலையில் விழும் சோறாக ஆயிற்று. குனிந்து நின்றவனைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். சமம் என்ற சொல் தலையில் நிமிர்ந்து நின்றது.

இன்றைக்கு நாம் பதி வாசலில் தலைப்பாகை கட்டுவது எளிது. கட்டிய அன்றைக்கு அது எளிதாக இருக்கவில்லை. அதிகாரம் வைத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவையே அரண்மனைச் சேவகர் கட்டிக்கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அந்த நேரத்தில் துணியை எடுத்துத் தலையில் சுற்றியவனுக்கு அந்தச் செய்கையின் விலை தெரியும். ‘நானும் மனிதன்தான்’ என்று மனசுக்குள் மட்டும் நினைத்திருந்தால் அவனுக்கு ஒரு துன்பமும் வந்திருக்காது. மாற்றமும் வந்திருக்காது.

நல்ல நினைப்பைச் செய்கையாக்கும்போது ஏதோ ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அது காசாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், ‘ஊரார் என்ன சொல்வார்களோ’ என்ற கூச்சமாக இருக்கலாம். நினைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான் நாம் அதில் தங்கிவிடுகிறோம்.

ஐயா காணிக்கை கேட்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தொகையைக் கட்டிவிட்டால் நமக்காக வேறொருவர் புண்ணியம் சேர்த்துத் தருவார் என்ற ஏற்பாடு இந்த வழியில் இல்லை. ஆகவே நம் தர்மத்தை ஆள் வைத்துச் செய்ய முடியாது. நம் கையாலேயே செய்ய வேண்டும்.

நம் வீட்டு முற்றத்தில்

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெரிய காரியங்களை விட்டுவிடுவோம். எல்லா ஊரிலும் நடக்கிற மூன்று காரியங்களை மட்டும் பார்ப்போம்.

ஒரு வீட்டில் முற்றம் பெருக்கவும் பாத்திரம் கழுவவும் ஓர் அம்மா வருகிறார். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். அந்த அம்மாவுக்குச் சாயா கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். ஆனால் அவருக்கென்று ஒரு தம்ளர் அடுக்களைச் சன்னலுக்கு வெளியே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுச் சுவரில் ஐயாவின் திருநாமக்கொடி படமாக மாட்டியிருக்கிறது. அந்த வீட்டார் முத்திரிக்கிணற்றில் எல்லாரோடும் சேர்ந்து குளித்தவர்கள்தான். பதியில் எல்லாரோடும் சேர்ந்து இனிமம் உண்டவர்கள்தான். சாதி பார்க்கக் கூடாது என்று அவர்களைக் கேட்டால் மனதாரச் சொல்வார்கள். ஆனாலும் அந்தத் தம்ளர் அங்கேயே இருக்கிறது. அவர்களுடைய எண்ணம் பதியில் இருக்கிறது, கை இன்னும் பழைய இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு சேர்த்துக் கழுவி அடுக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் முத்திரிக்கிணறு அந்த வீட்டுக்குள் வந்து சேர்கிறது.

இன்னொரு விளைக்காரர். தேங்காய் வெட்ட ஆள் வருகிறார். உச்சி வெயில்வரை மரம் மரமாக ஏறி இறங்குகிறார். கூலி கேட்கும்போது, ‘சில்லறை இல்லை, சாயங்காலம் வா’ என்கிறார் விளைக்காரர். சாயங்காலம் வந்தால், ‘வியாபாரி இன்னும் பணம் தரவில்லை, வெள்ளிக்கிழமை வா’ என்கிறார். அவர் கொடுக்காமல் ஏமாற்றுகிறவர் இல்லை. கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருக்கிறது. ஆனால் மரம் ஏறியவருடைய வீட்டில் அரிசி வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காது. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கிய கொடுமையை எதிர்த்து வந்த வழி நம்முடைய வழி. அந்த வழியில் நடக்கிற ஒருவர் கூலியைத் தள்ளிப் போடலாமா? அன்றைய கூலியை அன்றைக்கே கொடுப்பது தர்மத்திலேயே முதல் தர்மம். அன்னதர்மத்துக்கு அரிசி மூட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து முடிக்க வேண்டும்.

மூன்றாவது, அண்ணன் தம்பி வழக்கு. விளையின் எல்லையில் நிற்கிற ஒரு தென்னைக்காகவோ, ஒரு முழம் நடைபாதைக்காகவோ பேச்சு நின்றுபோயிருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சித்தப்பா வீட்டுப் படியை அவர்கள் மிதித்ததே இல்லை. அண்ணனுக்குள் மனம் இறங்கிவிட்டது. தம்பிக்குள்ளும் இறங்கிவிட்டது. ‘அவன் ஒரு வார்த்தை பேசினால் நான் பத்து வார்த்தை பேசத் தயார்’ என்று இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நல்ல எண்ணம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் நடுவில் வேலி நிற்கிறது. இங்கே செய்கை என்பது நாலு எட்டு நடை. ‘வீட்டில் எல்லாரும் சுகமா?’ என்று ஒரு கேள்வி. தென்னை யாருக்கு என்பதை அதற்குப் பிறகு பேசலாம். யார் முதலில் போவது என்று கேட்டால், யாருக்கு அந்த நினைப்பு முதலில் வந்ததோ அவர்தான் போக வேண்டும். ஐயா அவரைத்தான் முதலில் எழுப்பியிருக்கிறார்.

எழுப்பியது என்றதும் அரிகோபாலன் சீடர் நினைவுக்கு வருகிறார். கொல்லம் 1016ஆம் ஆண்டு கார்த்திகை 27ஆம் நாள் அகிலத்திரட்டு அம்மானை அவர் கையால் ஏட்டில் இறங்கியது. துயில் கொண்டிருந்தவரை ஐயா எழுப்பி எழுதச் சொன்னார், அவர் எழுந்து எழுதினார் என்பதே நாம் வழிவழியாகப் போற்றி வரும் செய்தி. ‘விடியட்டும்’ என்று அவர் புரண்டு படுத்திருந்தால்? நமக்கும் அப்படி உள்ளே எழுப்புகிற நேரங்கள் வருகின்றன. அம்மானை எழுதச் சொல்லி அல்ல, அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லி.

சிலர் கேட்கும் கேள்விகள்

இவ்வளவு சொன்னால் சிலர் நியாயமாகச் சில கேள்விகள் கேட்பார்கள்.

‘மனம் சுத்தமாகாமல் செய்கிற தர்மம் வெறும் வெளிவேடம் ஆகிவிடாதா?’ ஆகலாம். தாங்கலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதி வைப்பவர்கள் உண்டு. பெயர் கிடைப்பதற்காகவே செய்யத் தொடங்கினால் அந்தத் தர்மம் நம்முடைய ‘நான்’ என்பதற்குத் தீனியாகிவிடும். ஆனால் அதற்கு மருந்து, செய்வதை நிறுத்துவது அல்ல. பெயர் தெரியாத இடத்தில் செய்வதுதான் மருந்து. தம்ளரை எடுத்து அடுக்குவதை யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை. கூலியை நேரத்தில் கொடுத்ததற்கு யாரும் பொன்னாடை போர்த்தப் போவதில்லை. வெளிவேடத்துக்குப் பயப்படுகிறவர்கள் இப்படிப்பட்ட தர்மங்களிலிருந்து தொடங்கலாம்.

‘எங்களிடம் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். வாகைப்பதிக்குப் போனவர்களிடம் என்ன இருந்தது? நிலம் கையில் இல்லை, பதவி இல்லை, ஊரில் மதிப்பு இல்லை. இரண்டு கையும் கடல் தண்ணீரும் இருந்தன. இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்த ஒரு பிடியால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாதக் கடைசியில் அந்தப் பானை இன்னொரு வீட்டின் உலையில் கொதித்தது. காசு இல்லாதவரிடம் நேரம் இருக்கும். நேரம் இல்லாதவரிடம் ஒரு நல்ல சொல் இருக்கும். எதுவுமே இல்லாதவர் என்று ஐயாவின் பிள்ளைகளில் ஒருவரும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் பெரியது. ‘தர்ம யுகம் வரப்போகிறது. அப்போது கலி அழியும், ஐயா வந்து ஆள்வார், எல்லாம் தானாகச் சரியாகும். அதுவரை பொறுத்திருப்பதுதானே பக்தனுக்கு அழகு?’

பொறுமை நம் வழியில் உயர்ந்த குணம். ஆனால் பொறுத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. விருந்தினர் வரப்போகிறார்கள் என்று நம்புகிற வீட்டில் என்ன நடக்கும்? முற்றம் தெளிப்பார்கள், பாய் விரிப்பார்கள், உலை வைப்பார்கள். ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டைப் பார்த்தால், இங்கே யாரும் வரப்போவதில்லை என்றுதான் வழியில் போகிறவர்கள் எண்ணிக்கொள்வார்கள். தர்ம யுகம் வரும் என்று நாம் உண்மையிலேயே நம்பினால், அந்த யுகத்து மனிதர்கள் எப்படி நடப்பார்களோ அப்படி நடக்க இப்போதே பழக வேண்டும். அந்த யுகத்தில் தனித் தம்ளர் இருக்குமா? தள்ளிப்போடும் கூலி இருக்குமா? அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வேலி இருக்குமா? இருக்காது என்றால், இன்றைக்கே அவற்றை நம் வீட்டிலிருந்து எடுத்துவிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஐயாவும் தர்ம யுகம் பிறந்த பிறகு கிணறு வெட்டலாம் என்று காத்திருக்கவில்லை. கலி முற்றியிருந்த காலத்திலேயே வெட்டினார்.

ஒருவர், ஒரு நேரம், ஓர் அளவு

ஆகவே, வருகிற வாரம் முதல் நாம் கைக்கொள்ளக் கூடிய ஒரு முறையைச் சொல்லி முடிக்கிறோம். இது புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. துவையல் தவசிலும் பிடியரிசியிலும் இருப்பதுதான்.

பதியிலோ தாங்கலிலோ நிற்கும்போது நல்ல நினைப்பு வந்தால், அதை அங்கேயே மூன்றாகக் கட்டிவிடுங்கள். யாருக்கு? எப்போது? எவ்வளவு? ‘முதியவர்களுக்கு உதவ வேண்டும்’ என்று விடாதீர்கள். ‘தெற்குத் தெருப் பாட்டிக்கு, செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு தூக்குவாளிக் கஞ்சி’ என்று முடிச்சுப் போடுங்கள். முடிச்சுப் போடாத நினைப்பு காற்றில் போகும். முடிச்சுப் போட்டதோ, செவ்வாய்க்கிழமை காலையில் தானாக வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

முடிச்சுப் போட்டதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் சொல்ல வேண்டாம், ஒருவரிடம் போதும். மனைவியோ, கணவனோ, பிள்ளையோ, ‘செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, கஞ்சி கொண்டுபோகவில்லையா?’ என்று கேட்பார்கள். பிள்ளைகளை அந்த வேலையில் கூட்டிச் செல்லுங்கள். தர்மத்தைப் பற்றி நூறு முறை சொல்லிக் கொடுப்பதைவிட, தூக்குவாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நடந்தது அவர்கள் மனத்தில் நிற்கும்.

அளவைச் சிறியதாக வையுங்கள். பதியில் வழங்கும் நித்தப்பாலை எண்ணிப் பாருங்கள். அதன் பெயரிலேயே நித்தம் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் ஆயிரம் பேருக்குச் சோறு போடுவது சிறப்புதான். ஆனால் பசி வருடத்தில் ஒருநாள் மட்டும் வருவதில்லை. சிறிதாக, நாள் தவறாமல் செய்வது நம் சுபாவத்தையே மாற்றும். பெரிதாக ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துபோவது நம் நினைவை மட்டும் அலங்கரிக்கும்.

ஒருநாள் தவறிப்போனால் என்ன செய்வது? மறுநாள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை குளிக்கத் தவறியதால் துணி என்றென்றைக்கும் அழுக்காகவே இருக்கட்டும் என்று யாரும் விடுவதில்லை. ‘நம்மால் முடியவில்லை, நாம் அதற்குத் தகுதி இல்லை’ என்று சோர்ந்து உட்காருவதும் கலியின் இன்னொரு வேடம். துவைத்த துணி மறுபடி அழுக்காகும் என்பது துவையல்காரர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மூன்று வேளையும் துவைத்தார்கள்.

அன்புக்கொடி மக்களே!

நம் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறோம். இரு பக்கமும் விளக்கு எரிய, அதற்கு முன்னால் நின்று வணங்குகிறோம். நமக்குள்ளே இறைவன் இருக்கிறான் என்பதே அதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இறைவன் வெளியே ஒருவருக்குச் சோறு போட வேண்டுமானால், ஒருவருடைய கண்ணீரைத் துடைக்க வேண்டுமானால், அவனுக்கு இருப்பவை நம்முடைய இரண்டு கைகள்தான். அந்தக் கைகள் மடித்துக் கட்டியபடியே இருந்தால், நெற்றியில் நாமம் இருந்தும் ஐயாவின் காரியம் நம் வாசலில் நின்றுபோகும்.

தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிவிடுவதே தர்மம் என்று நாம் ஓதி வருகிறோம். தூக்குவதற்குக் குனிய வேண்டும், கையை நீட்ட வேண்டும். நினைப்பால் யாரையும் தூக்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எந்த நல்ல நினைப்பு வந்ததோ, அதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். ஒருவர், ஒரு நேரம், ஓர் அளவு என்று முடிச்சுப் போடுங்கள். அடுத்த ஞாயிறு பதிக்கு வரும்போது அதைச் செய்து முடித்த கையோடு வாருங்கள்.

எல்லாரும் இன்புற்று வாழ ஐயா அருள்புரிவார்.

ஐயா துணை. ஐயா உண்டு.